ரயில் டிக்கெட்டும் பிஸ்கட் பாக்கெட்டும்: குழந்தைக்கு ஆங்கில வாசிப்பைத் தொடங்கிவைக்க ஒரு செய்முறை

ஆங்கில எழுத்துகள் இருபத்தாறையும் தடையின்றிச் சொல்லும், ஆனால் ஒரு முழு வரியைக் கொடுத்தால் திணறிப்போகும் ஏழு முதல் பத்து வயதுக் குழந்தைகளுக்கான செய்முறை இது. சொல்லித்தருபவருக்கு ஆங்கிலப் புலமை வேண்டியதில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும்.

பெரும்பாலோர் முதலில் கதைப் புத்தகம் வாங்கித் தருகிறோம். கதையைப் படிக்கும் குழந்தை ஒரே நேரத்தில் எழுத்தையும் கூட்ட வேண்டும், பொருளையும் தேட வேண்டும். ரயில் டிக்கெட்டில் அந்த இரண்டாவது சுமை இல்லை. எங்கே போகிறோம், யார் யார் போகிறோம், எப்போது வண்டி என்பதெல்லாம் குழந்தைக்கு முன்பே தெரியும். தெரிந்த செய்தி எந்த எழுத்தில் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது மட்டுமே வேலை. எனவே விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும் ஒரு பயணத்தையே பாடமாக வைத்துக்கொள்வோம். எடுத்துக்காட்டாக, சென்னை எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் நெல்லை எக்ஸ்பிரஸ், எண் 12631.

படி 1: எழுத்தின் பெயரை விட்டு ஒலிக்கு வாருங்கள்

தமிழில் 'க' என்ற எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்றே. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. 'எஸ்' என்பது பெயர். பாம்பு சீறுவதுபோல் வரும் 'ஸ்ஸ்' என்பதுதான் ஒலி. பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்த குழந்தை 'எஸ்-டி-ஓ-பி' என்று சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். நான்கு பெயர்களை எத்தனை வேகமாகச் சேர்த்துச் சொன்னாலும் 'ஸ்டாப்' வராது.

நம் குழந்தைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழில் ஒரே பகரம் இரண்டு ஒலிகளுக்கு நிற்கிறது. 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள்: முதல் பகரத்தில் உதடு வெடித்துக் காற்று வருகிறது, மகர மெய்யை அடுத்து வரும் பகரத்தில் தொண்டை அதிர்கிறது. ஆங்கிலத்தில் இவை இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. குழந்தையின் விரலைத் தொண்டையில் வைத்துக்கொள்ளச் சொல்லி, 'பேனா' என்ற சொல்லின் முதல் ஒலியையும் 'பஸ்' என்ற சொல்லின் முதல் ஒலியையும் மாற்றி மாற்றிச் சொல்லவையுங்கள். டகரத்துக்கும் ககரத்துக்கும் இதே பயிற்சி பொருந்தும். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு தொடங்கி, நாள்தோறும் பத்து நிமிடம் செய்தால் போதும்.

படி 2: டிக்கெட்டை மேசையில் விரித்து வையுங்கள்

கைப்பேசியில் இருக்கும் டிக்கெட்டைத் தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். விரல் வைத்துப் படிக்கத் தாளே வசதி. முதலில் தன் பெயரைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அடுத்து அப்பா, அம்மா, பாட்டியின் பெயர்கள். ஊர்ப் பெயர்களுக்கு அருகில் நிற்கும் 'ஃப்ரம்', 'டு' என்ற இரண்டு சிறு சொற்களையும் காட்டுங்கள். அமெரிக்கக் கல்வியாளர் எட்வர்ட் டால்ச் 1936இல் வெளியிட்ட, பார்த்தவுடன் படிக்கப் பழக வேண்டிய 220 சொற்களின் பட்டியலில் இந்த இரண்டும் உண்டு. இத்தகைய சொற்களை ஒவ்வொரு முறையும் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம். முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்வதுபோல் சொல்லப் பழகட்டும்.

இனி பெர்த் எண்ணுக்கு வாருங்கள். 'எஸ் 5, 31, எஸ்.எல்.' என்று அச்சிட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஸ்லீப்பர் பெட்டியில் எட்டெட்டு பெர்த்துகளாகப் பிரித்திருப்பார்கள்: ஒன்றும் நான்கும் கீழ், இரண்டும் ஐந்தும் நடு, மூன்றும் ஆறும் மேல், ஏழு பக்கவாட்டின் கீழ், எட்டு பக்கவாட்டின் மேல். முப்பத்தொன்றை எட்டால் வகுத்தால் மீதி ஏழு. ஆகவே அது பக்கவாட்டுக் கீழ் பெர்த். 'சைடு லோயர்' என்ற இரு சொற்களின் முதல் எழுத்துகளே அந்த 'எஸ்.எல்.' என்பதைக் குழந்தையே சரிபார்த்துவிடலாம். அதே டிக்கெட்டில் வகுப்பு என்ற இடத்திலும் 'எஸ்.எல்.' இருக்கும். அங்கே அது ஸ்லீப்பர் வகுப்பைக் குறிக்கிறது. ஒரே சுருக்கம் இடத்துக்கு இடம் பொருள் மாறுவதைப் பிள்ளைகள் நம்மைவிட வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

நேரத்தை விட்டுவிடாதீர்கள். இரவு எட்டரை 20:30 என்று அச்சாகும். 'டிபார்ச்சர்', 'அரைவல்' என்ற நீண்ட சொற்கள் இரண்டையும் நேரத்தோடு சேர்த்தே காட்டுங்கள். கடிகாரத்தைப் பார்த்துப் பொருளை ஊகித்துவிடுவார்கள்.

படி 3: மஞ்சள் பலகையைத் தமிழிலிருந்து கீழ்நோக்கிப் படியுங்கள்

தமிழ்நாட்டு ரயில் நிலையங்களின் மஞ்சள் பெயர்ப்பலகையில் மேலே தமிழ், அடுத்து இந்தி, அதன்கீழ் ஆங்கிலம் என மூன்று மொழிகளில் ஊர்ப்பெயர் இருக்கும். மேல் வரியே விடையாக இருப்பதால், குழந்தை தன்னைத் தானே திருத்திக்கொள்ள இதைவிட நல்ல பாடநூல் எனக்குத் தெரிந்து இல்லை. விழுப்புரம், திருச்சிராப்பள்ளி, மதுரை என்று வண்டி நிற்கும் இடங்களில் விழித்திருந்தால் படிக்கட்டும். தூங்கும் குழந்தையை எழுப்ப வேண்டாம்.

எழும்பூரில் சற்று நேரம் ஒதுக்குங்கள். மேலே 'எழும்பூர்' என்று படித்துவிட்டு ஆங்கிலத்தில் 'எக்மோர்' என்று வந்ததும் குழந்தை தான் தவறாகப் படித்துவிட்டதாக நினைக்கும். தவறு அதனுடையதன்று, நம் வாயிலும் எழுத்திலும் இரண்டு பெயர்களும் நிலைத்துவிட்டன என்று சொல்லிவிடுங்கள். திருநெல்வேலியின் தகரத்துக்கு 'டி' என்ற ஒற்றை எழுத்து, தஞ்சாவூரின் தகரத்துக்கு 'டி'யோடு 'ஹெச்' என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டலாம். இந்தக் குழப்பம் பெரியவர்களையும் விட்டதில்லை: 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றித் தமிழக அரசு 2020 ஜூனில் வெளியிட்ட அறிவிப்பு சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது.

படி 4: அபாயச் சங்கிலியின் கீழ் முதல் வாக்கியம்

பெட்டியில் ஏறி அமர்ந்ததும் சங்கிலிக்கு அருகில் உள்ள அறிவிப்பைக் காட்டுங்கள். 'டு ஸ்டாப் டிரெயின் புல் செயின்.' ஐந்தே சொற்கள், ஐந்தும் ஓரசைச் சொற்கள். 'டிரெயின்', 'செயின்' இரண்டின் வால்பகுதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பதால், ஒன்றைப் படித்தவர் மற்றதன் தலையை மட்டும் மாற்றினால் போதும். மாறாக, 'டு', 'ஸ்டாப்' இரண்டிலும் அதே 'ஓ' எழுத்து இருந்தும் ஒலி வேறாகிறது. ஓரெழுத்துக்கு ஓரொலி என்று எதிர்பார்க்கும் தமிழ்க் குழந்தைக்கு இதை விதியாகச் சொல்வதைவிட இந்தப் பலகையில் காட்டுவது எளிது.

என் அண்ணன் மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது இதே வரியை அழகாகப் படித்து முடித்துவிட்டு, "அத்தை, இங்க மாடு எங்க இருக்கு?" என்று கேட்டாள். படத்தில் பார்த்த காளையின் ஆங்கிலப் பெயரும் அவள் காதில் 'புல்'தான். தொண்டையில் விரல் வைக்கும் பயிற்சியை நான் முதல் படியாக வைத்திருப்பதற்கு அவளே காரணம்.

அதன்கீழே, தக்க காரணமின்றி இழுத்தால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை என்ற எச்சரிக்கை சிறிய எழுத்தில் இருக்கும். அதை நீங்கள் படித்துப் பொருள் சொல்லுங்கள். எண்களைக் குழந்தை படிக்கட்டும்.

படி 5: ஆறு வரியில் ஒரு பத்தி எழுதுங்கள்

இப்போது அந்தப் பயணத்தைப் பற்றியே ஒரு சிறு பத்தியை நோட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். இங்கே ஒலியைத் தமிழில் தருகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

"வீ ஆர் இன் தி டிரெயின். அவர் கோச் இஸ் எஸ் ஃபைவ். மை பெர்த் இஸ் தர்ட்டி ஒன். இட் இஸ் நியர் தி விண்டோ. பாட்டி இஸ் வித் மீ. ஷீ ஹேஸ் இட்லி இன் எ பாக்ஸ்."

முதல்முறை நீங்கள் விரல் வைத்துப் படியுங்கள். இரண்டாம் முறை இருவரும் சேர்ந்து படியுங்கள். மூன்றாம் முறை குழந்தை தனியாகப் படிக்கட்டும். தடுமாறினால் உடனே சொல்லைத் தூக்கிக் கொடுத்துவிடாமல் மனத்துக்குள் மூன்று வரை எண்ணுங்கள். பொருளைக் கெடுக்காத உச்சரிப்புப் பிழைகளை அப்போதைக்கு விட்டுவிடலாம். 'தர்ட்டி ஒன்' என்பதைத் 'தர்ட்டீன்' என்று படித்தால் மட்டும் வாக்கியம் முடிந்த பிறகு நிறுத்தி, பதிமூன்றாம் எண் வேறொருவரின் நடு பெர்த் என்பதைக் காட்டுங்கள்.

பிறகு இரண்டு கேள்விகள்: டப்பாவில் என்ன இருக்கிறது, பெர்த் எங்கே இருக்கிறது. விடை தமிழில் வந்தால் அதுவும் சரியே. பொருள் புரிந்ததா என்பதுதான் இங்கே சோதனை. ஆங்கிலத்தில் பேசவைப்பது வேறு பாடம்.

படி 6: ஊரில் இருக்கும் நாட்களில்

காலையில் ஆவின் நீலப் பாக்கெட்டில் 'டோன்டு மில்க்', மாலையில் பிஸ்கட் பாக்கெட்டில் 'நெட் குவான்டிட்டி'. ஒரு நாளைக்கு ஒரு பொருள், அதில் இரண்டு சொற்கள் என்பதைத் தாண்ட வேண்டாம். 'பெஸ்ட் பிஃபோர் சிக்ஸ் மன்த்ஸ் ஃப்ரம் மேனுஃபேக்சர்' என்ற வரி கிடைத்தால் விடாதீர்கள். டிக்கெட்டில் பார்த்த அதே 'ஃப்ரம்' இங்கேயும் வருகிறது. பாக்கெட்டில் அச்சிட்ட தேதியிலிருந்து ஆறு மாதத்தை விரல்விட்டு எண்ணி, இன்னும் சாப்பிடலாமா என்று குழந்தையே தீர்ப்புச் சொல்லட்டும். படித்த சொற்களை இரவில் அதே நோட்டில் எழுதிவைத்து, மறுநாள் காலையில் ஒருமுறை கண்ணோட்டம் விட்டால் போதும். தேர்வு வைக்க வேண்டாம்.

படி 7: திரும்பும் பயணம்

திரும்பும் ரயிலின் எண் 12632. இந்த டிக்கெட்டைக் குழந்தையின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். நடைமேடையில் பெட்டியின் எண்ணைத் தேடுவதும், உள்ளே சென்று பெர்த்தைக் கண்டுபிடிப்பதும் அதன் பொறுப்பு. பெட்டி மாறி நடந்தாலும் வண்டி புறப்பட நேரம் இருக்கும்வரை வாய் திறக்காமல், பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் செல்லுங்கள்.