தமிழ்த் தலைப்புக்குச் சொரசொரப்பு எழுத்துரு: வலைத்தளத்தில் கையாளும் முறை

தேய்ந்த மர அச்சு, வெயிலில் பொரிந்த சுவர் விளம்பரம், கரும்பலகையில் எழுதிய சுண்ணக்கட்டி எழுத்து ஆகியவற்றின் சாயலில், விளிம்பு சிதைந்தும் உட்பகுதியில் கீறல் விழுந்தும் தோன்றும் அலங்கார எழுத்துருக்களையே இங்கே சொரசொரப்பு எழுத்துரு என்கிறேன். ஆங்கிலத்துக்கு இவை தாராளமாகக் கிடைக்கின்றன. கூகுள் ஃபான்ட்ஸ் தொகுப்பிலேயே ரூபிக் டிஸ்ட்ரெஸ்டு, ரூபிக் டர்ட், கேபின் ஸ்கெட்ச், ஸ்பெஷல் எலைட் எனப் பல உள்ளன. அதே தொகுப்பில் தமிழுக்கு இருக்கும் பவனம், மீரா இனிமை, முக்தா மலர், அனெக் தமிழ், பலூ தம்பி போன்றவையோ விளிம்பு மழமழவென்று இருப்பவை. ஆகவே தமிழ்த் தளத்தை வடிவமைப்பவர் சொரசொரப்பு எழுத்துரு ஒன்றை வெளியே தேடிப் பிடிக்க வேண்டும், அல்லது சாதாரண எழுத்துருவின் மேல் சொரசொரப்பைத் தாமே ஏற்ற வேண்டும். இரண்டில் பின்னதே பெரும்பாலும் நல்லது என்பது என் கருத்து.

மரச்செக்கில் ஆட்டிய எண்ணெயை விற்கும் ஒரு கடைக்குத் தளம் அமைப்பதாகக் கொள்வோம். முகப்பில் "மரச்செக்கு எண்ணெய்" என்பதே தலைப்பு. இந்த இரண்டு சொற்களுக்குள் நான்கு புள்ளிகள் இருக்கின்றன. சொரசொரப்பு எழுத்துருவின் இயல்போ எழுத்தைச் சுற்றிலும் துகள்களைத் தெளிப்பதும், எழுத்துக்குள் ஓட்டைகளை இடுவதும்தான். தெளித்த துகள் புள்ளியின் அளவுக்கு வளர்ந்துவிட்டால், எது மெய்யெழுத்தின் புள்ளி, எது வெறும் அழுக்கு என்று கண் தடுமாறும். புள்ளியின் மேலேயே ஓட்டை விழுந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடும். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியிடாமலே எழுதினார்கள் என்பது உண்மைதான். ஆனால் நிதானமாக உட்கார்ந்து சுவடியைப் படித்தவரின் பொறுமையைக் கைபேசித் திரையை விரலால் தள்ளிக்கொண்டே போகிறவரிடம் எதிர்பார்க்க முடியாது.

புள்ளியோடு வேறு சில இடங்களையும் சோதிக்க வேண்டும். ஏகாரத்தை எகரத்திலிருந்து பிரித்துக் காட்டுவது அடியில் இழுக்கும் ஒரு சிறு கோடு மட்டுமே. கீறல் அதை அறுத்துவிட்டால் "ஏலம்" என்பது "எலம்" ஆகிவிடும். "கி", "கீ" இரண்டையும் வேறுபடுத்துவது மேலே உள்ள சுழி. ணகரம், னகரம் ஆகியவற்றின் சுழிகள் மையால் அடைபட்டால் அவற்றை எண்ணிப் பார்க்க முடியாது. எந்த எழுத்துருவை வாங்கும் முன்பும் விற்பவர் காட்டும் அழகிய மாதிரிப் படத்தை நம்பாமல், உங்கள் தலைப்பையே அதில் தட்டச்சிட்டு, கைபேசியில் தெரியப்போகும் அளவில் பாருங்கள்.

இன்னொரு சிக்கல் தமிழில் கூடுதலாகவே உறுத்தும். எழுத்துருவில் ஓர் எழுத்துக்கு ஒரே வடிவம்தான் இருக்குமானால், அதே எழுத்து மீண்டும் வரும் இடமெல்லாம் அதே கீறல் அதே இடத்தில் தோன்றும். தமிழிலோ க்க, ச்ச, ட்ட, த்த, ப்ப என ஒரே மெய் அடுத்தடுத்து இரட்டிப்பது மிகச் சாதாரணம். "எண்ணெய்" என்பதில் இரண்டு ணகரங்களும் ஒரே ஓட்டையைச் சுமந்து நின்றால், மர அச்சு என்ற பாவனை அங்கேயே கலைந்துவிடும். ஆங்கில எழுத்துருக்களில் பெரிய எழுத்தின் இடத்தில் ஒரு வடிவத்தையும் சிறிய எழுத்தின் இடத்தில் இன்னொரு வடிவத்தையும் வைத்து இதைச் சமாளிப்பது வழக்கம். தமிழில் அப்படிப் பெரிய, சிறிய எழுத்துகள் இல்லாததால் அந்த வழி அடைபட்டிருக்கிறது. சூழலுக்கேற்ப மாற்று வடிவத்தைக் கொண்டுவரும் ஓப்பன்டைப் விதிகள் (எழுத்துருக் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்ட, எழுத்து வடிவங்களை மாற்றியும் சேர்த்தும் காட்டும் விதிகள்) உள்ள எழுத்துரு கிடைத்தால் மட்டுமே சிக்கல் தீரும்.

கிடைக்கும் தமிழ் அலங்கார எழுத்துருக்களில் பல பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில், அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கும் முறையில், இருக்கின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். தமிழக அரசு 2010இலேயே, ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆயினும் அச்சுத் தொழிலுக்கென உருவான பழைய எழுத்துருக்கள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றில் திரையில் தெரிவது தமிழாக இருந்தாலும், அடியில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே. தேடுபொறிக்கு அந்தத் தலைப்பு புரியாது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதை உளறலாகப் படிக்கும். தலைப்பை நகலெடுத்து வெற்றுக் குறிப்பேட்டில் ஒட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஆங்கிலக் குப்பை வந்தால் அந்த எழுத்துருவை வலைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

இனி, சொரசொரப்பை மேலே ஏற்றும் முறையைப் பார்ப்போம். அனெக் தமிழின் மிகத் தடித்த வடிவத்தைப் போன்ற, யூனிகோடில் அமைந்த ஓர் எழுத்துருவைத் தலைப்புக்குக் கொடுங்கள். பழைய மரப்பலகையையோ காரைச் சுவரையோ நீங்களே படம் எடுத்து, தலைப்பு எழுத்தின் பின்னணியாக வையுங்கள். பிறகு, தளத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் பேக்ரவுண்ட்-கிளிப் என்ற பண்புக்கு டெக்ஸ்ட் என்ற மதிப்பைத் தந்து, எழுத்தின் நிறத்தை ஒளிபுகுவதாக மாற்றினால், படம் எழுத்தின் வடிவத்துக்குள் மட்டும் தெரியும். படம் தலைப்பு முழுவதற்கும் ஒன்றாகப் பரவுவதால் இரண்டு ணகரங்களுக்கும் ஒரே கீறல் விழாது. எழுத்தின் விளிம்பு சிதையாததால் புள்ளியும் சுழியும் பத்திரமாக இருக்கும். படம் தரவிறங்காமல் போனாலும் தலைப்பு மறைந்துவிடாதிருக்க, அடர்ந்த பின்னணி நிறம் ஒன்றையும் சேர்த்தே கொடுங்கள். இந்த வசதி இல்லாத பழைய உலாவிகளுக்காக மொத்தத்தையும், வசதி இருந்தால் மட்டும் செயல்படும் சப்போர்ட்ஸ் நிபந்தனைக்குள் வைப்பதும், அதே பண்பை வெப்கிட் என்ற முன்னொட்டுடன் இன்னொரு வரியாகச் சேர்ப்பதும் அவசியம்.

இதில் தமிழுக்கே உரிய ஒரு பொறி உண்டு. பின்னணி, தலைப்பின் பெட்டிக்குள் மட்டுமே வரையப்படும். வரி உயரத்தை ஆங்கிலத் தளத்தில் வைப்பதுபோல் 1 அல்லது 1.1 என்று இறுக்கி வைத்தால், "கு", "மூ" போன்றவற்றின் கீழ்ப்பகுதி பெட்டிக்கு வெளியே நீண்டு, வெட்டுப்பட்டதுபோல் காணாமல் போகும். வரி உயரத்தை 1.4 அளவில் வைத்து, அடியில் சிறிது உள்ளிடைவெளியும் (பேடிங்) விட்டால் போதும்.

விளிம்பும் பொரிந்திருக்க வேண்டும் என்று விரும்புவோர் எஸ்விஜி வடிகட்டியைப் பயன்படுத்தலாம். அதில் டர்புலன்ஸ் என்ற பகுதி உருவாக்கும் ஒழுங்கற்ற புள்ளிக்கோலத்தைக் கொண்டு டிஸ்ப்ளேஸ்மென்ட் மேப் என்ற பகுதி விளிம்பை நெளிக்கும். நெளிவின் அளவைக் குறைவாகவே வையுங்கள். அசையும் தலைப்புக்கு இது வேண்டாம், விலை குறைந்த கைபேசிகள் திணறும்.

இவ்வளவுக்குப் பிறகும் உண்மையான சொரசொரப்பு எழுத்துருவே வேண்டுமென்றால், கோப்பின் அளவைக் கவனியுங்கள். மழமழப்பான விளிம்பை வரைய ஓர் எழுத்துக்குச் சில பத்து ஆயப்புள்ளிகள் போதும் என்றால், பொரிந்த விளிம்புக்கு நூற்றுக்கணக்கானவை தேவைப்படும். வலைக்கெனச் சுருக்கப்பட்ட வோஃப் 2 என்ற கோப்பு வடிவத்துக்கு மாற்றுவதோடு, ஃபான்ட்டூல்ஸ் என்ற மென்பொருள் தொகுப்பிலுள்ள கருவியால் தலைப்புக்கு வேண்டிய எழுத்துகளை மட்டும் பிரித்தெடுங்கள். அப்போது ஓப்பன்டைப் விதிகளை நீக்கிவிட்டால் "கு" என்பது ககரமும் தனி உகரக் குறியுமாக உடைந்து நிற்கும். உரிமத்தில் வலைப் பயன்பாட்டுக்கும் இப்படிப் பிரிப்பதற்கும் அனுமதி இருக்கிறதா என்று முன்பே படித்துவிடுங்கள். சிஎஸ்எஸ்ஸில் ஃபான்ட்-டிஸ்ப்ளே என்பதற்கு ஸ்வாப் என்று கொடுத்தால், முதலில் வேறோர் எழுத்துரு தெரியும் என்பதால், எழுத்துரு வந்துசேரும் வரை வாசகர் வெற்றிடத்தைப் பார்க்க நேராது.

மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்த வழிசெய்யும் அணுக்கத் தரமான டபிள்யூசிஏஜி, 24 பிக்சலும் அதற்கு மேலும் உள்ள பெரிய எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 3:1 என்ற ஒளிர்வு வேறுபாட்டைக் கேட்கிறது. தலைப்பின் சராசரி நிறத்தை அளக்காமல், சொரசொரப்பில் மிக வெளிறிய இடத்தை அளந்து பாருங்கள். குறுகிய திரையில் தலைப்பு ஏறத்தாழ 32 பிக்சலுக்குக் கீழே சுருங்குமானால், அந்த அளவில் சொரசொரப்பை நிறுத்திவிட்டுத் தனி நிறத்தைக் காட்டுவதே நல்லது. உடலுரை, பொத்தான், விலைப்பட்டியல் ஆகியவற்றுக்கு இந்த அலங்காரம் வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, அச்சுக்கென ஒரு தனி விதியைச் சேருங்கள். பெரும்பாலான உலாவிகள் அச்சிடும்போது பின்னணியை விட்டுவிடுவதால், ஒளிபுகும் நிறத்திலுள்ள தலைப்பு தாளில் வெற்றிடமாகவே வரும். அச்சு ஊடகத்துக்கு மட்டும் எழுத்தின் நிறத்தைக் கறுப்பு என்று குறித்துவிட்டால் "மரச்செக்கு எண்ணெய்" விலைச்சீட்டின் உச்சியில் தெளிவாக விழும்.