செயலாராய்ச்சியை ஒரு கழித்தல் கணக்கிலிருந்து தொடங்கலாம்

செயலாராய்ச்சி என்பது வகுப்பில் தென்படும் ஒரு சிக்கலை ஆசிரியரே ஆராய்ந்து, தீர்வைச் செய்து பார்ப்பது. அது என்றதும் பலர் ‘மாணவர்களின் கணிதத் திறனை மேம்படுத்துதல்’ என்று தலைப்பு வைத்துவிடுகிறார்கள். அதை ஒரு பருவத்தில் யாராலும் முடிக்க முடியாது. நோட்டு திருத்தும்போது எந்தத் தப்பு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறதோ, அதை எடுங்கள். நான் நான்காம் வகுப்பில் இனமாற்றக் கழித்தலை, அதாவது பத்துகள் இடத்திலிருந்து கடன் வாங்கிக் கழிப்பதை, எடுத்தேன்.

முதலில் முன்தேர்வு, அதாவது கற்றுக்கொடுக்கும் முன் வைக்கும் தேர்வு. மதிப்பெண்ணை மட்டும் குறித்தால் போதாது. 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளைகளில் இரண்டு வகை உண்டு. ஒரு பிள்ளை ஒன்றுகள் இடத்தில் மேல் கீழ் பார்க்காமல், ஏழில் இரண்டு போனால் ஐந்து என்று போடும். இன்னொரு பிள்ளை கடன் வாங்கி, பன்னிரண்டில் ஏழு போக ஐந்து என்று சரியாகவே போடும். பத்துகள் இடத்தில் ஒன்றைக் குறைக்க மறந்துவிடும். விடை ஒன்றுதான், சிக்கல் வேறு. அதனால் கணக்கைப் பார்த்துப் பொறுக்குங்கள். 53-லிருந்து 26 என்று கொடுங்கள்: முதல் வகை 33 என்று எழுதும், இரண்டாம் வகை 37 என்று எழுதும். அப்புறமும் சந்தேகம் என்றால் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, சொல்லிக்கொண்டே போடச் சொல்லுங்கள், நடுவில் திருத்தாதீர்கள்.

முதல் வகைக்குப் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கொடுத்துப் பிரிக்கவைத்தேன். இரண்டாம் வகைக்கு அது தேவையில்லை. பத்துகள் இடத்து எண்ணை அடித்து, ஒன்று குறைத்து மேலே எழுதும் பழக்கம் வந்தால் போதும்.

பி.எட். பாடத்தில் படித்த கட்டுப்பாட்டுக் குழுவுக்காக, அதாவது ஒப்பிடுவதற்காகப் புது முறையைக் கொடுக்காமல் விடும் குழுவுக்காக, பாதி வகுப்பை ஒதுக்கிவைக்காதீர்கள். கற்றுக்கொடுக்க வழி தெரிந்தும் சிலருக்குக் கொடுக்காமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒவ்வொரு பிள்ளையையும் அதன் முந்தைய நிலையோடு ஒப்பிட்டாலே நிறையத் தெரியும். ஆனால் ஒரு எச்சரிக்கை: முன்தேர்வு, பின்தேர்வு இரண்டையும் எழுதியவர்களை மட்டும் கணக்கில் சேருங்கள். பின்தேர்வில் எண்களை மாற்றுங்கள், கடினம் மாறக்கூடாது. சில வாரம் கழித்து இன்னொரு முறையும் வையுங்கள். அன்றைக்கும் நின்றால்தான் கற்றது.

தலைமை ஆசிரியரிடம் முன்பே அனுமதி வாங்கி, பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள். அறிக்கையில் பிள்ளைகளின் பெயர் வேண்டாம், எண் போதும். வகுப்பில் கவனித்ததை அன்றன்றே குறியுங்கள்.

1940-களில் செயலாராய்ச்சியைப் பற்றி உளவியலாளர் கர்ட் லெவின் விளக்கியதும் ஒரு சுழற்சிதான்: திட்டமிடு, செய், விளைவைப் பார், மறுபடி திட்டமிடு. ஆகவே மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கு அறிக்கை கொடுக்கும்போது, மாறாத பிள்ளைகளைப் பற்றியும் மறைக்காமல் எழுதுங்கள். அடுத்த சுற்றை அவர்களோடு தொடங்குங்கள்.