ஆக்ஸிஜனைக் கடைசியில் தொட்டேன்

பதினொன்றாம் வகுப்பில் பியூட்டேன் வாயு எரியும் வேதிச் சமன்பாட்டைச் சமப்படுத்துவது, அதாவது இருபுறமும் அணுக்களின் எண்ணிக்கையைச் சமமாக்குவது, என்னைப் படுத்தி எடுத்தது. அது ஆக்ஸிஜனோடு எரிந்தால் வரும் கார்பன் டைஆக்சைடு, தண்ணீர் இரண்டிலும் ஆக்ஸிஜன் இருக்கிறது. நான் ஆக்ஸிஜனில்தான் முதலில் கை வைப்பேன். ஒரு பக்கம் சரிசெய்தால் மறுபக்கம் இடிக்கும். அழித்து அழித்து நோட்டே கிழிந்தது.

அப்புறம் வரிசையை மாற்றினேன். பியூட்டேனில் 4 கார்பன், அதனால் 4 கார்பன் டைஆக்சைடு. 10 ஹைட்ரஜன், அதனால் 5 தண்ணீர். வலப்பக்க ஆக்ஸிஜன் அணுக்கள் 8-ம் 5-ம் சேர்ந்து 13. ஆக்ஸிஜன் மூலக்கூறில் இரண்டு அணு; அப்படியென்றால் ஆறரை மூலக்கூறு! தப்பு என்று அழிக்கப் போனேன். நல்லவேளை, எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கிப் பார்த்தேன்: 2 பியூட்டேன், 13 ஆக்ஸிஜன், 8 கார்பன் டைஆக்சைடு, 10 தண்ணீர். இருபுறமும் 26 ஆக்ஸிஜன் அணு.

பெர்மாங்கனேட் (மாங்கனீசும் ஆக்ஸிஜனும் சேர்ந்த அயனி) வரும் சமன்பாடுகளுக்கு மட்டும் இந்த வித்தை எடுபடவில்லை. அங்கே எது எத்தனை எலக்ட்ரானை இழக்கிறது, எது பெறுகிறது என்ற கணக்குதான்.