கோல்ஃப்: டீ இல்லாமல் ஃபேர்வேயிலிருந்து டிரைவர் அடிப்பது எப்படி?

பார் 5 ஹோல், அதாவது ஐந்து அடியில் முடிக்க வேண்டும் என்று கணக்கிட்ட நீளமான ஹோல். முதல் ஷாட் ஃபேர்வேயின், அதாவது புல்லைக் குட்டையாக வெட்டிய பாதையின், நடுவில் கிடக்கிறது. குழி இருக்கும் கிரீனுக்குத் தூரம் அதிகம், 3 வுட் என்ற கிளப் (மட்டை) எட்டாது, எதிர்க்காற்று வேறு. கிரீனின் வாசலில் மணல்குழியான பங்கரும் இல்லை, தண்ணீரும் இல்லை. வழக்கமாக டீ என்னும் சிறு குச்சியின் மேல் பந்தை வைத்து அடிக்கும் நீளமான கிளப் டிரைவர். இப்போது பையிலிருந்து அதை எடுக்கலாமா? தாராளமாக எடுக்கலாம். தரையில் கிடக்கும் பந்தை டிரைவரால் அடிப்பது பெரிய ஆட்டக்காரர்களுக்கு மட்டும் கைவரும் வித்தை என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். பழகினால் வரக்கூடிய ஷாட்தான் அது. ஆனால் டீயில் வைத்து அடிக்கும் ஸ்விங்கை அப்படியே இங்கே கொண்டுவந்தால் வராது.

டிரைவரை டீயில் வைத்து ஓரளவு நேராக அடிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எல்லாம் வலது கை ஆட்டக்காரர் கணக்கில். இடது கைக்காரர்கள் இடம் வலம் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

கோல்ஃப் பந்தின் விட்டம் 42.67 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது விதி. ஆக, தரையில் கிடக்கும் பந்தின் மையம் ஏறக்குறைய 21 மி.மீ. உயரத்தில் இருக்கும். கிளப்பின் முகப்பான ஃபேஸுக்கு லாஃப்ட் (பின்பக்கச் சாய்வு) இருப்பதால் அது பந்தைத் தொடுவது இன்னும் கொஞ்சம் கீழே, 17 மி.மீ. வாக்கில். இன்றைய டிரைவர்களின் ஃபேஸோ 5 செ.மீ.க்கு மேல் உயரம். அதன் நடுப்புள்ளி தரையிலிருந்து 27, 28 மி.மீ. இருக்கும். எவ்வளவு சுத்தமாக அடித்தாலும் பந்து நடுவில் படப்போவதில்லை, ஒரு செ.மீ. கீழேதான் படும் என்று அர்த்தம்.

இதனால் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. டிரைவரின் ஃபேஸ் மேலிருந்து கீழாகவும் லேசாக வளைந்திருக்கும். கீழே போகப் போக லாஃப்ட் குறையும். 10.5 டிகிரி என்று போட்டிருக்கும் டிரைவர் ஒரு செ.மீ. கீழே சுமார் 8.5 டிகிரிதான். அதனால் பந்து தாழ்வாகக் கிளம்பும். இன்னொன்று, நடுவுக்குக் கீழே பட்ட பந்துக்கு பேக்ஸ்பின் (பின்னோக்கிய சுழற்சி) கூடும். தாழ்வாகக் கிளம்பிய பந்தை உடனே விழவிடாமல் தாங்கிக்கொண்டு போவது இந்த பேக்ஸ்பின்தான்.

இந்தக் கணக்கை ஏன் சொல்கிறேன் என்றால், பந்து உயரவில்லையே என்று பார்த்ததும் அடுத்த முறை அதைத் தூக்கிவிடப் பார்ப்போம். அங்கேதான் ஷாட் கெட்டுப்போகிறது. தாழ்வாகப் போய், முன்னதாகவே தரையிறங்கி, நீளமாக உருள வேண்டும். அப்படிப் போனால் நீங்கள் சரியாக அடித்திருக்கிறீர்கள்.

பழைய ஆட்டக்காரர்கள் இதைச் சர்வசாதாரணமாக அடித்ததற்கும் காரணம் இதே கணக்குதான். மரத் தலை டிரைவர்கள் சிறியவை, ஃபேஸின் உயரமும் குறைவு. 1991-இல் வந்த கேலவே நிறுவனத்தின் பிக் பெர்த்தா டிரைவர் அந்தக் காலத்தில் பிரம்மாண்டமாகத் தெரிந்தது. அதன் தலையின் கொள்ளளவே 190 சிசிதான். இன்றைக்குக் கடைகளில் இருக்கும் டிரைவர்கள் பெரும்பாலும் விதி அனுமதிக்கும் 460 சிசி உச்சவரம்பை ஒட்டியே வருகின்றன. தலை பெரிதாகப் பெரிதாக டீயிலிருந்து அடிப்பது சுலபமாயிற்று, தரையிலிருந்து அடிப்பது கஷ்டமாயிற்று.

எந்த டிரைவர்?

என் கருத்தில் 10.5 டிகிரிக்குக் குறைந்த டிரைவரோடு இதைப் பழக ஆரம்பிக்க வேண்டாம். 12 டிகிரி இருந்தால் இன்னும் நல்லது. ஃபேஸின் உயரம் குறைந்த, பின்பக்கம் தட்டையாக நீண்ட தலை உதவும். கழுத்தில் லாஃப்டை மாற்றும் வசதி இருந்தால் பயிற்சிக்கு ஒன்று, ஒன்றரை டிகிரி கூட்டிப் பாருங்கள். ஆனால் ஆட்டம் தொடங்கிய பிறகு இந்த ஷாட்டுக்காகச் சாவியை எடுத்து லாஃப்டை மாற்றக் கூடாது. ஆட்டத்தின் நடுவே கிளப்பின் தன்மையை மாற்றி, அந்தக் கிளப்பால் அடித்தால் விதி 4.1-இன்படி தகுதி நீக்கம்.

இந்த ஷாட் அடிக்கடி தேவைப்படுகிறவர்களுக்கு மினி டிரைவர் என்று ஒரு வகை இருக்கிறது. டிரைவரைவிடத் தலை சிறியது, ஷாஃப்ட் குட்டை, லாஃப்ட் கூடுதல். 3 வுட்டை எடுத்துவிட்டு அதை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம் என்றே நினைக்கிறேன். எப்போதாவது ஒருமுறை அடிப்பதற்காக வாங்க வேண்டியதில்லை.

ஸ்விங் வேகம் மிதமாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தாழ்வாகக் கிளம்பும் பந்து காற்றில் நிற்க வேகம் வேண்டும். வேகம் இல்லாதபோது 3 வுட்டோ 5 வுட்டோ டிரைவரைவிடத் தூரம் போகும். பயிற்சி மைதானத்தில் இரண்டையும் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

படி 1: பந்து எப்படிக் கிடக்கிறது?

குனிந்து பாருங்கள். பந்துக்கு அடியில் கொஞ்சம் புல் தெரிந்தால், அதாவது புல்லின் மேல் பந்து உட்கார்ந்திருந்தால், அடிக்கலாம். உலர்ந்து இறுகிய தரையில் மொட்டையாகக் கிடந்தாலும் பழகிய பிறகு அடிக்கலாம். டிவட் குழி (முந்தைய அடியில் புல் பெயர்ந்த இடம்), ரஃப் (உயரமான புல்), ஈரத் தரை, கீழ்நோக்கிய சரிவு என்றால் டிரைவரை மறந்துவிடுங்கள். லேசான ஏற்றச் சரிவுதான் இந்த ஷாட்டுக்குச் சொர்க்கம். தரையே உங்களுக்கு லாஃப்ட் கூட்டிக் கொடுக்கிறது.

பந்துக்குப் பின்னால் இருக்கும் புல்லை டிரைவரால் அழுத்திப் படுக்கவைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. கிளப்பை லேசாகத் தரையில் வைக்கலாம், அழுத்தக் கூடாது. விதி 8.1-இன்படி தண்டனை 2 ஸ்ட்ரோக்.

படி 2: நிற்பது

டீயில் அடிக்கும்போது பந்து இடது குதிகாலுக்கு நேராக இருக்கும். இங்கே அதிலிருந்து ஒன்று, ஒன்றரை பந்து அகலம் உள்ளே கொண்டுவாருங்கள். கால்களுக்கு இடையே அகலத்தைக் கொஞ்சம் குறையுங்கள். கிரிப்பில் ஓர் அங்குலம் கீழே பிடியுங்கள். டிரைவர் 45 அங்குலத்துக்கு மேல் நீளம், 3 வுட் 43 அங்குலம். கீழே பிடிக்கும் அந்த ஓர் அங்குலம் பந்தை ஃபேஸில் சரியாகப் பட வைப்பதில் நிறைய உதவும்.

தோள்கள் சமமாக இருக்கட்டும். டீயில் அடிக்கும்போது வலது தோளைத் தாழ்த்தி, உடலைப் பின்பக்கம் சாய்த்து நிற்போம் அல்லவா, அந்தச் சாய்வு இங்கே வேண்டாம். உடல் எடையில் பாதிக்குக் கொஞ்சம் அதிகம் இடது காலில் இருக்கட்டும்.

படி 3: குறி

பந்து வலது பக்கம் வளையும் என்று எதிர்பார்த்து இடது பக்கம் குறிவையுங்கள். பந்து உள்ளே வந்துவிட்டதால் ஃபேஸ் முழுக்கத் திரும்பி மூடுவதற்குள் பந்தைத் தொட்டுவிடுகிறது. லாஃப்ட் குறைந்த கிளப்பில் அந்தச் சின்னத் திறப்பே பெரிய வளைவாகும். இதைத் திருத்தப் போய் ஃபேஸை மூடாதீர்கள். மூடினால் இருக்கிற கொஞ்ச லாஃப்டும் போய்விடும், பந்து எழும்பவே எழும்பாது. வலது பக்கம் வளையும் இந்த ஃபேடை (fade) ஏற்றுக்கொண்டு அதற்கு இடம் விட்டு அடிப்பதே நல்லது.

படி 4: தரை

இந்தப் பதிவில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் பரவாயில்லை, இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தரையிலிருந்து டிரைவர் அடித்தால் வரும் மிக மோசமான ஷாட், பந்தின் தலையில் பட்டு உருண்டோடுவது. உடனே பக்கத்தில் இருப்பவர் "தலையைத் தூக்கிட்டீங்க" என்பார். நீங்களும் அடுத்த முறை தலையை இன்னும் கீழே குனிந்து அடிப்பீர்கள், அதே ஷாட் மறுபடியும் வரும். ஏனென்றால் பெரும்பாலான நேரம் தலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. டிரைவர் பந்தைத் தொடுவதற்கு முன்பே தரையைத் தொட்டிருக்கிறது.

டிரைவரைத் திருப்பி அதன் அடிப்பாகமான சோலைப் பாருங்கள். அகலமாக, வழவழப்பாக, பின்பக்கம் நீண்டு வளைந்திருக்கும். மெல்லிய இரும்புத் தலை கொண்ட அயர்ன் தரையில் பட்டால் மண்ணுக்குள் இறங்கும். இந்த அகலமான சோல் இறங்காது, எகிறும். பந்துக்கு ஓர் அங்குலம் பின்னால் பட்டாலும் தலை எகிறி, அதன் கீழ் விளிம்பு பந்தின் நடுவிலோ மேலேயோ போய்ப் படும். பார்க்கிறவர் கண்ணுக்கு அது டாப், அதாவது பந்தின் தலையில் பட்ட அடி. உண்மையில் அது ஃபேட் (fat) என்று நாம் சொல்லும் தரையடியின் இன்னொரு உருவம்.

சந்தேகமாக இருந்தால் அடித்த இடத்தைப் பாருங்கள். பந்து இருந்த இடத்துக்குப் பின்னால் புல் ஒரு பட்டையாகப் படுத்திருக்கும். சோலின் பின்பகுதியில் பச்சைக் கறை ஒட்டியிருக்கும். இந்த இரண்டும் இருந்தால் உங்கள் ஸ்விங்கின் அடிப்புள்ளி, அதாவது கிளப் மிகத் தாழும் இடம், பந்துக்குப் பின்னால் இருக்கிறது என்று பொருள்.

அடிப்புள்ளியை முன்னால் கொண்டுவர என்ன செய்வது? நெஞ்சு பந்துக்கு நேர் மேலே வந்துவிட வேண்டும், பின்னால் தங்கக் கூடாது. கீழே வரும்போது எடை இடது காலுக்கு முதலில் போகட்டும், கைகள் பிறகு வரட்டும். வலது தோள் தாழாமல் சுற்றி வரட்டும். முழு வேகத்தில் சுழற்றாதீர்கள், முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே போதும். ஷாட் முடிந்ததும் இடது காலில் மட்டும் நின்று பாருங்கள். நிற்க முடிந்தால் எடை போய்ச் சேர்ந்திருக்கிறது. வலது காலில் பாரம் தெரிந்தால், பந்தைத் தூக்கப் பார்த்திருக்கிறீர்கள்.

குத்துகிற அடியும் வேண்டாம். துடைப்பம் தரையைத் தொட்டும் தொடாமலும் போவதுபோல் டிரைவர் புல் நுனியை உரசிக்கொண்டு போனால் போதும். ஸ்விங் தொடங்கும் முன் டிரைவரைத் தரையில் ஊன்றாமல், புல்லுக்குச் சற்று மேலே பிடித்தபடியே ஆரம்பித்துப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். கிளப் தரையில் சிக்காது, பின்னால் போகும் முதல் அடி இழைவாக இருக்கும்.

பயிற்சி

பந்தில்லாமல் தொடங்குங்கள். புல்லில் பவுடரால் ஒரு கோடு போட்டு, கோட்டிலிருந்தோ அதற்கு முன்னாலிருந்தோ புல் உரசப்படும்படி ஸ்விங் செய்யுங்கள். கோட்டுக்குப் பின்னால் உரசாமல் வருகிற வரை பந்தைத் தொடாதீர்கள். பிறகு ஒரு டீயைக் கிட்டத்தட்ட முழுக்க அமுக்கி, ஒரு செ.மீ. மட்டும் வெளியே இருக்கும்படி வைத்து அடியுங்கள். அது சரளமானதும் அரை செ.மீ., அப்புறம் வெறும் தரை.

ஃபேஸில் பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயை லேசாக அடித்துக்கொண்டால் பந்து பட்ட இடம் தெளிவாகத் தெரியும். குறி நடுவுக்குக் கீழே, ஆனால் ஃபேஸுக்குள் இருக்க வேண்டும். கீழ் விளிம்பிலேயே குறி விழுந்தால் இன்னும் தரை முதலில் படுகிறது. பயிற்சிக்கு மட்டும்தான் இது. ஆட்டத்துக்கு முன் துடைத்துவிடுங்கள்.

ரப்பர் பாயில் அடித்துப் பழகுவதை நான் நம்புவதில்லை. பின்னால் பட்டாலும் பாய் மன்னித்துவிடும், டிரைவர் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை நன்றாகவே அடித்துவிடும். புல்லுக்கு வந்ததும் உண்மை தெரியும். பாய் மட்டும்தான் கிடைக்கும் என்றால் பந்துக்கு ஒரு சாண் பின்னால் ஒரு துண்டை மடித்துப் போட்டு, அதைத் தொடாமல் அடித்துப் பழகுங்கள். போகப் போகத் துண்டைப் பந்தின் பக்கம் நகர்த்துங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு முயன்றவர்கள் கேட்டவற்றில் இரண்டு, மேலே விட்டுப்போனவை.

பந்து காலைவிட உயரமான சரிவில் இருந்தால் என்ன செய்வது? அங்கே ஸ்விங் தட்டையாகும், பந்து இடது பக்கம் இழுக்கும். அதனால் இடது பக்கம் வைத்த குறியைக் குறைத்துக்கொள்ளுங்கள், கிரிப்பில் இன்னும் கீழே பிடியுங்கள். பந்து காலைவிடத் தாழ்வாக இருந்தால் டிரைவர் வேண்டாம், வுட்டுக்கும் அயர்னுக்கும் இடைப்பட்ட ஹைபிரிட் எடுங்கள்.

ஹோலின் தொடக்கத்தில், டீ அனுமதிக்கப்பட்ட இடத்திலேயே தரையில் வைத்து அடிக்கலாமா? அடிக்கலாம், டீ கட்டாயம் இல்லை. பந்தை வைக்கும் இடத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அங்கே தரையைக் கிளப்பால் கீறிச் சின்ன மேடு செய்து அதன் மேல் வைக்கவும் விதி அனுமதிக்கிறது. குறுகலான, எதிர்க்காற்றுள்ள ஹோலில் தாழ்வாக ஓடும் பந்து நல்ல பலன் தரும். இந்த ஷாட்டை ஆட்டத்தில் முதன்முதலாக முயல்வதற்கும் அதுதான் ஏற்ற இடம், ஏனென்றால் பந்து எப்படிக் கிடக்க வேண்டும் என்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.