காய்கறிக் கடை தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயம்பேட்டில் விடியுமுன் கொள்முதல் செய்து புறநகரில் கடை நடத்தும் இளைஞர்கள், எங்கள் தலைமுறை வியாபாரிகள் பணத்தை இழந்து கற்ற பாடங்களைத் தாங்களும் பணத்தை இழந்தே கற்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. பெட்டியின் அடியில் கிடக்கும் தக்காளியைப் பார்க்காமல் வாங்குவது போன்றவை ஒரே வாரத்தில் தாமாகத் திருந்திவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

எல்லாவற்றையும் ஒரே குளிரில் அடுக்குவது

கடன் வாங்கிக் குளிர் அறை அமைத்தவர், அதை 4 டிகிரியில் வைத்து, கேரட் முதல் வாழைப்பழம் வரை அனைத்தையும் உள்ளே தள்ளிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார். ஊட்டிக் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், காலிஃபிளவர் ஆகியவை உறைநிலையை ஒட்டிய குளிரையும் தாங்கும். வெப்பப் பகுதிப் பயிர்களுக்கு அந்தக் குளிர் ஆகாது. ஏறக்குறைய 13 டிகிரிக்குக் கீழே வாழைக்காயின் தோல் திசு சேதமடைவதால், பழுக்கும்போது மஞ்சளுக்குப் பதில் மங்கிய சாம்பல் நிறமே வரும். செங்காயாக இருக்கும் தக்காளி 10 டிகிரிக்குக் கீழே சில நாட்கள் இருந்தால் பின்னர் ஒழுங்காகப் பழுக்காது. கத்தரிக்காயின் விதை கறுத்துவிடும்.

இந்தத் தவறை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம், சேதம் குளிர் அறைக்குள் பெரும்பாலும் தெரிவதில்லை என்பதே. வெளியே எடுத்து ஓரிரு நாள் கழித்து, வாடிக்கையாளரின் சமையலறையில்தான் அது வெளிப்படும். புதிய கடைக்காரர் ஒருவர் திரும்பி வந்த வெள்ளரிக்காயைக் கொண்டுவந்து காட்டினார். பச்சைத் தோல் முழுவதும் அம்மைத் தழும்பு போலச் சிறு குழிகள். விரலால் அழுத்தினால் நீர் கசிந்தது. சரக்குக் கெடுவதற்குக் குளிர் போதாததே காரணம் என்று எண்ணி, அவர் அறையை 2 டிகிரிக்குக் குறைத்திருந்தார்! கத்தரி, வெள்ளரி, வெண்டை ஆகியவற்றுக்கு 10 முதல் 12 டிகிரி வரையுள்ள தனி அறை வேண்டும். அதற்கு வசதியில்லாதவர், அவற்றை நிழலில் காற்றோட்டமாகப் பரப்பி, அன்றாட விற்பனைக்கு மட்டும் வாங்குவதே மேல். உருளைக்கிழங்கையும் 4 டிகிரியில் வைக்காதீர்கள். மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, வறுக்கும்போது விரைவில் கருகும் என்பதால், சிப்ஸ் போடுபவர் மறுமுறை உங்களிடம் வாங்கமாட்டார்.

பழத்துடன் கீரை

பழுத்த மாம்பழமும் வாழைப்பழமும் வெளியிடும் எத்திலீன் வாயு, மூடிய அறையில் கீரையை மஞ்சளாக்கும். தனித்தனித் தட்டுகளில் வைப்பது போதாது. அறையே வேறாக இருக்க வேண்டும்.

கார்பைடு கல்

இதை வைத்துப் பழங்களைப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. தொடாதீர்கள்.

புது வெங்காயத்தை இருப்பு வைப்பது

கோடையில் அறுவடையாகி நன்கு உலர்ந்த நாசிக் வெங்காயம் மாதக்கணக்கில் தாங்கும். ஆண்டின் இறுதியில் வரும் புது வெங்காயம் ஈரம் மிகுந்தது, விரைவில் முளைக்கும் அல்லது அழுகும். விலை சரிந்ததே என்று மூட்டை மூட்டையாக வாங்குவதற்கு முன், சிலவற்றின் கழுத்தை அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால், இரண்டு மூன்று நாளில் விற்கக்கூடிய அளவுக்கு மேல் வாங்காதீர்கள்.