கேலிப்பரைப் பிரித்துப் பூட்டிய பிறகும் முன் பிரேக் சரியாக இல்லையா?

பைக்கின் முன் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பருக்குள் புது சீல், புது பேட், துடைத்துப் பளபளப்பாக்கிய பிஸ்டன். எல்லாம் போட்டுப் பூட்டி, பிரேக் ஆயில் ஊற்றி, ஒரு மணி நேரம் ஏர் எடுத்தாயிற்று, அதாவது லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றியாயிற்று. லிவரைப் பிடித்தால் பஞ்சு மூட்டையை அமுக்குவது போல ஆக்ஸிலேட்டர் பிடி வரைக்கும் வருகிறது. உடனே ஸ்பேனரை எடுத்து மறுபடியும் கேலிப்பரைக் கழற்றத் தோன்றும். கழற்றாதீர்கள். கடைசியாக எதைத் தொட்டோமோ அதன் மேல்தான் சந்தேகம் விழும், ஆனால் கோளாறு பாதி நேரம் வேறு எங்காவது உட்கார்ந்திருக்கும். எங்கே என்று லிவரே சொல்லும்.

பஞ்சு மாதிரி இருக்கிறது, நாலைந்து முறை வேகமாக அடித்தால் கெட்டியாகிறது என்றால் உள்ளே காற்று. கெட்டியாகத்தான் இருக்கிறது, ஆனால் அழுத்திப் பிடித்தால் மெல்ல மெல்ல இறங்குகிறது என்றால் எங்கோ கசிவு. வெளியே ஈரம் எதுவும் தெரியவில்லையா? லிவர் பக்கத்தில் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் சீல் உள்ளுக்குள்ளேயே விட்டுக்கொடுக்கிறது. லிவர் கெட்டி, விட்ட பிறகும் சக்கரம் சுற்ற மறுக்கிறது என்றால் பிஸ்டன் திரும்பவில்லை, அல்லது அழுத்தம் வெளியேற வழியில்லை. லிவரும் நன்றாக இருக்கிறது, சக்கரமும் சுற்றுகிறது, வண்டிதான் நிற்கவில்லை என்றால் பேடைப் பாருங்கள். கிரீஸ் கையோடு தொட்டிருப்பீர்கள்.

முதலில் காற்று. அதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

சாதாரணமாக ஆயில் மாற்றும்போது லைன் காலியாவதில்லை. கேலிப்பரைக் கழற்றினால் மொத்த லைனும் காலி. காற்று மேலே போகத் துடிக்கும், நாம் அதை லிவரால் கீழே தள்ளிக்கொண்டிருப்போம். லிவரை விட்டதும் அது மறுபடி மேலே ஏறி, ஹோஸ் மாஸ்டர் சிலிண்டரோடு சேரும் அந்தத் துளையுள்ள போல்ட்டில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். பல வண்டிகளில் லைனின் மேடான இடம் அதுதான். ஒருமுறை நான் கீழே, கேலிப்பரில் ஏர் எடுக்கத் திறக்கும் நிப்பிள் வழியாகப் பாட்டில் பாட்டிலாக ஆயிலை வெளியேற்றிக்கொண்டிருந்தேன், குமிழியே வரவில்லை, லிவரும் ஏறவில்லை. கடைசியில் மேல் போல்ட்டைச் சுற்றித் துணியைக் கட்டி, லிவரைப் பிடித்தபடி அதைக் கால் சுற்று தளர்த்தினேன். ‘புஸ்’ என்று ஒரு சத்தம், நுரையாக நாலு துளி. லிவரை விடுவதற்கு முன் டைட் செய்தேன். இரண்டே முறை. மாலை முழுக்கப் போராடிய விஷயம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. (துணி கட்டாமல் இதைச் செய்ய வேண்டாம். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். சிந்தினால் துடைப்பதோடு நிறுத்தாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.)

அப்போதும் லிவர் கெட்டியாகாவிட்டால் நிப்பிள் இருக்கும் இடத்தைப் பாருங்கள். கேலிப்பரில் அது மேல் பக்கம் இருக்க வேண்டும். இரட்டை டிஸ்க் வண்டியில் இடது வலது மாறிவிட்டால் நிப்பிள் அடியில் போய்விடும், மேலே தேங்கிய காற்று விடிய விடிய எடுத்தாலும் வராது. நிப்பிளைத் திறந்துவைத்தபடியே லிவரை விடுவது இன்னொரு தவறு. வெளியேற்றியதை அப்படியே உறிஞ்சி உள்ளே இழுக்கும். பிடி, திற, மூடு, விடு. இந்த வரிசை மாறக் கூடாது. வாக்குவம் பம்ப் வைத்து இழுப்பவர்களுக்குக் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் நிப்பிள் மரை வழியாக நுழையும் வெளிக்காற்று. எனக்குப் பிடித்த வழி, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் ஆயிலை எடுத்து நிப்பிள் வழியாகக் கீழிருந்து மேலே மெதுவாகத் தள்ளுவது. காற்று போக விரும்பும் திசையிலேயே போகட்டும். மேலே மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் டப்பா நிரம்பி வழியாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏர் எடுக்கும் வேகத்தில் பழைய மாஸ்டர் சிலிண்டரை முழுசாக அமுக்கி அமுக்கி அடிப்பதும் ஆபத்து. தினசரி ஓட்டத்தில் உள்ளே இருக்கும் சீல் கொஞ்ச தூரம்தான் போய்வரும். அதைத் தாண்டிய பகுதியில் அரிப்பும் கசடும் படிந்திருக்கும். சீல் அங்கே உரசினால் கிழியும். கேலிப்பர் வேலை செய்த மறுநாளே மாஸ்டர் சிலிண்டரும் போயிற்று என்று சொல்வார்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம். லிவருக்கும் பிடிக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டு அடித்தால் போதும்.

சரி, சக்கரம் இறுக்கிப் பிடிக்கும் கேஸுக்கு வருவோம். சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, லிவரைப் பிடித்து விடுங்கள். சுற்றவில்லையா? நிப்பிளைச் சற்றே திறங்கள். ஒரு துளி பீறிட்டு வந்து சக்கரம் விடுபட்டால், அழுத்தம் மேலே திரும்ப முடியாமல் மாட்டியிருக்கிறது. கேலிப்பர் நிரபராதி. திறந்த பிறகும் இறுக்கமாகவே இருந்தால்தான் கேலிப்பர் குற்றவாளி.

மேலே மாட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரு பொடித் துளை. மாஸ்டர் சிலிண்டர் டப்பாவின் மூடியைக் கழற்றிக் குனிந்து பாருங்கள். அடியில் இரண்டு துளைகள் இருக்கும், ஒன்று குண்டூசி முனை அளவுதான். சில மாடல்களில் ஒரு சின்னத் தகடு அதை மறைத்திருக்கும். லிவரை இம்மியளவு அசைத்தால் அந்தத் துளையிலிருந்து ஆயில் மேற்பரப்பில் சின்னதாக ஒரு துள்ளல் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அடைத்திருக்கிறது, அல்லது புதிதாக மாட்டிய லிவர் பிஸ்டனை எப்போதும் கொஞ்சம் தள்ளியே வைத்திருக்கிறது. ஓட்டும்போது ஆயில் சூடாகி விரிந்தால் திரும்ப வழியில்லாமல் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். லிவரில் கொஞ்சமாவது சும்மா ஆடும் இடம் இருந்தே ஆக வேண்டும்.

கேலிப்பரே குற்றவாளி என்றால் சந்தேகப்பட வேண்டியது பிஸ்டனை அல்ல, சீல் உட்காரும் பள்ளத்தை. பிஸ்டனைத் திரும்ப இழுக்க உள்ளே ஸ்பிரிங் கிடையாது. சதுர வெட்டுள்ள அந்த ரப்பர் வளையம்தான் லிவர் பிடிக்கும்போது லேசாக முறுகி, விட்டதும் பழைய நிலைக்கு வந்து பிஸ்டனைப் பின்னால் இழுக்கிறது. பள்ளத்தில் உப்புப் பூத்தது போல வெள்ளையாகக் கெட்டிப்பட்ட படிவு இருக்கும். பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்தால் போய்விடும் என்று நினைப்போம், போகாது. சுரண்டித்தான் எடுக்க வேண்டும், அதுவும் பள்ளத்தின் மூலைகளில், உலோகத்தில் கீறல் விழாத பித்தளை அல்லது மரக் குச்சியின் கூர்முனையைக் கொண்டு. விட்டால் சீல் வெளியே தள்ளிக்கொண்டு பிஸ்டனைக் கவ்வும். பிஸ்டன் கட்டைவிரல் அழுத்தத்துக்கு நேராக உள்ளே போக வேண்டும். தட்டித்தான் இறக்க வேண்டியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

‘பிரேக் ஆயில்’ என்ற பெயரால் வரும் வினை ஒன்று உண்டு. அது ஆயிலே அல்ல. பெயரை நம்பி, சீல் சுலபமாக இறங்கட்டும் என்று எஞ்சின் ஆயிலோ சாதாரண கிரீஸோ தடவினால் ரப்பர் ஊதிப் பருத்துவிடும். புது பிரேக் ஆயிலையே தடவுங்கள், இல்லையென்றால் பிரேக் ரப்பருக்கென்றே வரும் கிரீஸ். டப்பா மூடியில் டாட் 4 என்றிருந்தால் (டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை) டாட் 4 ஊற்றுங்கள். டாட் 4-ம் டாட் 5.1-ம் ஒரே கிளைக்கால் (glycol) வகை. டாட் 5 மட்டும் சிலிக்கான், எண் அடுத்தடுத்து இருக்கிறதே என்று கலந்துவிடாதீர்கள். பாதி தீர்ந்து வருடக்கணக்கில் கிடக்கும் பாட்டிலும் வேண்டாம். காற்றின் ஈரத்தைக் குடித்தே பழுதாகும் சரக்கு அது. டாட் 4-க்குப் புதிதில் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய நிலைக்கான அளவு 155 டிகிரிதான்.

ஹோஸ் போல்ட்டின் இரு பக்கமும் வரும் செம்பு அல்லது அலுமினிய வாஷர்களைப் புதிதாகவே போடுங்கள். பழையது ஏற்கெனவே நசுங்கியது. அது கசிகிறதே என்று இன்னும் இறுக்கினால் போல்ட் அறுந்து கையோடு வரும்.

எல்லாம் முடிந்ததும் லிவரை ரப்பர் பட்டையால் கட்டி, கீழே வெள்ளைப் பேப்பர் விரித்து ஓர் இரவு விடுங்கள். காலையில் பேப்பர் காய்ந்திருந்து, லிவரும் இறங்காமல் இருந்தால் நகரலாம். வண்டியை உருட்டுவதற்கு முன்பே லிவர் கெட்டியாகும்வரை அடிக்க வேண்டும், பேட் டிஸ்க்கைத் தொடும்வரை முதல் பிடியில் பிரேக் பிடிக்காது. ஆளில்லாத இடத்தில் நடக்கும் வேகத்தில் சில முறை பிடித்துப் பாருங்கள். அப்புறம் முன் பிரேக்கைத் தொடாமல் ஓரிரு கிலோமீட்டர் ஓட்டி, பின் பிரேக்கில் நிறுத்தி, டிஸ்க் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். ‘சுர்’ என்றால் இன்னும் எங்கோ உரசுகிறது.