கண் தாவும் வேகத்தைக் கேமராவால் அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பாட்டி ஒருவரை, கண்ணின் அசைவைக் கேமராவால் பதிவுசெய்யும் ஐ டிராக்கர் முன் உட்கார வைத்தேன். திரையில் கருமணியை, அதாவது கண் நடுவிலுள்ள கறுப்புத் துளையைக் காட்டும் வட்டம் இமையோரத்துக்கு ஓடிக்கொண்டே இருந்தது. காரணம் கண்மை. அகச்சிவப்பு ஒளியில் மையும் கருமணியைப் போலவே கறுப்பாகத் தெரிய, மென்பொருள் ஏமாந்துவிட்டது. "ஏங்கண்ணு, மைய அழிக்கோணுமா?" என்றார். ஆமாம் பாட்டி, முதல் வேலையே அதுதான்.

பெரிய தவறு வேகக் கணக்கில் நடக்கிறது. கண் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சட்டெனக் குதிப்பதைத்தான் தாவல் என்கிறோம். 5 டிகிரி தூரத்துக்குக் கண் தாவ ஏறக்குறைய 30 மில்லிநொடிதான் ஆகும். நொடிக்கு 60 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 16.7 மில்லிநொடி. முழுத் தாவலுக்கும் கிடைப்பது இரண்டே படம்! அதை வைத்து உச்ச வேகம் சொன்னால், உண்மையைவிடக் குறைவான எண்தான் வரும். நல்ல கண்ணையும் மந்தமான கண் என்று எழுதிவிடுவோம். தாவல் நடந்ததா, எங்கே போய் நின்றது என்று பார்க்க 60 போதும். வேகம் வேண்டுமென்றால் 250-க்குக் கீழே இறங்காதீர்கள். வரைபடம் அழகாக வரட்டும் என்று கோட்டின் ஏற்ற இறக்கங்களை அதிகமாகச் சமன்செய்தாலும் உச்சம் இதேபோலத் தேய்ந்துவிடும்.

கேமரா பார்ப்பது கருமணியின் உருவத்தை மட்டுமே. திரை திடீரென வெளிச்சமானால் கருமணி சுருங்கும், அதன் நடுப்புள்ளியும் நகரும். கண் அசையாமலே ஒரு டிகிரிக்கு மேல் நகர்ந்ததாகக் காட்டலாம். அதனால் சோதனை முழுக்கத் திரையின் வெளிச்சம் ஒரே அளவில் இருக்கட்டும். தாவல் முடிந்ததும் கண்ணின் லென்ஸும் கருமணி விளிம்பும் சற்று ஆடும். அந்த ஆட்டத்தைக் கண் இலக்கைத் தாண்டிப் போனதாக எண்ணிவிடாதீர்கள். 1963-இல் டேவிட் ராபின்சன் என்ற ஆய்வாளர் கொண்டுவந்த, கண்ணின் வெண்படலத்தின் மேல் பொருத்தும் கம்பிச் சுருள் முறையில் இவ்வளவு ஆட்டம் தெரியாது.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் கண் வறண்டு, சிமிட்டல் கூடும். இமை இறங்கும்போது கருமணியின் மேல்பாதி மறைவதால், கண் கீழே தாவியதுபோல் பதிவாகும். ஒவ்வொரு சிமிட்டலுக்கும் முன்னும் பின்னும் 100 மில்லிநொடி அளவு வெட்டிவிடுங்கள்.

படிக்கும் சோதனையென்றால், அவர் எந்த எழுத்தில் படித்து வளர்ந்தவர் என்று முதலில் கேளுங்கள். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் மட்டும் படித்தவருக்குத் தமிழ்ப் பத்தியை நீட்டினால் தாவல்கள் குட்டையாகும், எண்ணிக்கையும் கூடும். அது கண்ணின் கோளாறு அல்ல.